மைனரை எனக்காக வாங்காதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய பதினொரு படங்களையும் பார்த்தேன். அம்மா போனைப் பிடித்துக்கொள்ள, நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல லட்சணமான மோரிஸ் மைனர் கார். பச்சைப் பெயிண்ட் பளபளக்கிறது. ஆனால் பதினொன்றில் ஒரு படம்கூட வண்டியின் அடிவயிற்றைக் காட்டவில்லை. விற்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான். நானும் இப்படித்தான் விற்றேன்.

படங்களோடு நீ எழுதியிருந்த ஒரு வரிதான் இரண்டு நாளாக உறுத்துகிறது. “என் படிப்புக்காக பீட்டில் காரை விற்றீர்களே அப்பா, இப்போது உங்களுக்காக நான் ஒன்று வாங்குகிறேன்” என்று எழுதியிருக்கிறாய். இதற்கான பதிலைப் போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி சொன்னவுடன் நீ சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய். எனக்கும் அதுவே வசதியாகப் போய்விடும். அதனால்தான் கடிதம்.

உன் படிப்புக்காக நான் பீட்டிலை விற்கவில்லை. கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் அதற்கு ஒரு வருடம் முன்பே வங்கியில் இருந்தது. சேர்த்து வைத்தவள் உன் அம்மா. எனக்கு டிரையம்ப் ஹெரால்ட் என்ற காரின் மேல் கண் விழுந்திருந்தது. இரண்டு வண்டி நிறுத்த இடமில்லை, ஒன்று போனால்தான் இன்னொன்று என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். பீட்டில் போன வாரமும் நீ கல்லூரியில் சேர்ந்த வாரமும் ஒன்றாக அமைந்துவிட்டன. நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டாய், நான் திருத்தவில்லை. அதன் பிறகு உன் தோழிகளிடம் நீ அந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம் நான் தியாகியைப் போல அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். அம்மா அப்போது என்னைப் பார்த்த பார்வையை நீ கவனித்திருக்க மாட்டாய்.

ஆகவே எனக்கு நீ பட்ட கடன் எதுவும் இல்லை. எனக்காக என்றால் இந்தக் காரை வாங்காதே. உனக்கே ஆசை என்றால் அது வேறு பேச்சு. அப்படியானால் மேலே படி.

பீட்டிலுக்கு முன்பு நம்மிடம் இருந்த மைனர் 1958 மாடல், 948 சிசி எஞ்சின். 1979-இல் வாங்கினேன். இன்று எல்லாரும் ‘கிளாசிக்’ என்கிறார்களே, அன்று அது வெறும் பழைய கார். ஃபீவா என்று உலக அளவில் பழங்கார்களுக்கான ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. அவர்கள் கணக்கில் குறைந்தது 30 வயதாக வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் கூடாது. நான் அதைத் தினமும் ஓட்டினேன். வேறு கார் இல்லாதவன் என்ன செய்வான்?

நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் பானெட்டின் நடுவே மூக்கிலிருந்து கண்ணாடி வரை ஒரு பட்டை ஓடுகிறது, பார். அலங்காரம் என்று நினைக்காதே. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், வேலை கிட்டத்தட்ட முடிந்த நிலையில், வண்டி ஒடுங்கலாக இருக்கிறது என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுக்கச் சொன்னார். இரு பாதிகளையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் விலகியபோது சரி என்றார். அந்த 4 அங்குலம்தான் அந்தப் பட்டை. 1948-இல் லண்டன் கண்காட்சியில் கார் வெளிவந்தது. நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபுவுக்கு அது பிடிக்கவே இல்லை. வெந்நீரில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருக்கிறது என்றாராம். அந்த முட்டை 16 லட்சத்துக்கு மேல் விற்றது. கையில் அளவுகோல் இருந்தும் கண்ணை நம்பிய மனிதர் இசிகோனிஸ். எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

நம் மைனரை ஏன் விற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைனரின் முன்சக்கரங்கள் இரண்டும் கீழே ஒரு மரையைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புகின்றன. ட்ரன்னியன் என்பார்கள். அதற்குக் கிரீஸ் கன்னால் வேளாவேளைக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மரை தேயும். தேய்வது வெளியே தெரியாது. நான் ஒரு மழைக்காலம் முழுவதும் அடிக்கவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் இல்லை. ஒருநாள் வாசலில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டி ஒரு முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிட்டது. வேகம் நடை வேகம்தான். நீ அம்மா மடியில் இருந்தாய், மூன்று வயது. உனக்கு வேடிக்கை, ‘இன்னொரு தடவை’ என்றாய். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உன்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பழுது பார்த்து, மட்கார்டைத் தட்டி நிமிர்த்தி, அடுத்த மாதமே விற்றுவிட்டேன். பானெட்டின் மேல் நீ உட்கார்ந்திருக்கிற அந்தப் படம் விற்பதற்கு முந்தின நாள் எடுத்தது.

நடுவில் எட்டு மாதம் ஒரு மினி இருந்தது. அதுவும் இசிகோனிஸ் கைவண்ணம்தான். எஞ்சினைக் குறுக்கே வைத்து, கியர்பாக்ஸை அதன் அடியிலேயே திணித்து, ஒரே ஆயிலில் இரண்டையும் ஓடவிட்ட மகா புத்திசாலித்தனம். ரிப்பேர் பார்க்கிறவனின் விரல்களைப் பற்றி மட்டும் மறந்துவிட்டார். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

பிறகு வந்தது பீட்டில், 1959 மாடல். உனக்கு நினைவிருப்பது அதுதான். பின்சீட்டுக்கும் பின்னால் சாமான் வைக்கிற பள்ளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, எஞ்சின் சத்தம் வயிற்றுக்குள் கேட்கிறது என்பாய். அதில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் திணறினால், காலடியில் இருக்கிற ஒரு சிறு நெம்புகோலை, நெம்பு என்போமே, அதை உதைத்துத் திருப்ப வேண்டும்; டாங்கின் அடியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் வரும். பெட்ரோல் போட்டதும் நெம்பை மறக்காமல் பழையபடி திருப்பிவிட வேண்டும். மறந்தால் அடுத்த முறை உதைக்க ஒன்றும் இருக்காது. நீயும் நானும் வெயிலில் கேன் தூக்கிக்கொண்டு நடந்தோமே, அன்று ‘கார் கெட்டுப்போச்சு’ என்று உன்னிடம் சொன்னேன். கார் கெடவில்லை. நெம்பை மறந்தவன் நான்.

ஆனால் பீட்டிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை எஞ்சினின் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது. எஞ்சின் பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும், அதனால் விடியற்காலையில் எழுந்துவிடுவோம். நீ டார்ச் பிடிப்பாய். இடைவெளி 0.10 மில்லிமீட்டர். அந்த அளவுள்ள ஃபீலர் தகட்டை, அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டை, நடுவில் நுழைத்து இழுத்தால் தடுக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. எத்தனை சொன்னாலும் புரியாத பதம் அது. ஒருநாள் உன் கையில் தகட்டைக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். இரண்டு முறை இழுத்துவிட்டு, ‘மூடின புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவுகிற மாதிரி இருக்கிறது’ என்றாய். உனக்கு ஒன்பது வயது. அதைவிடச் சரியாக எந்த மெக்கானிக்கும் எனக்குச் சொன்னதில்லை. மூன்றாவது சிலிண்டருக்கு வரும் காற்றை ஆயில் கூலர் மறைப்பதால் அது மற்றவற்றைவிட அதிகம் சூடாகும். அதை மட்டும் நீ இரண்டு முறை சரிபார்ப்பாய்.

அந்தக் காரை விற்றவன் நான். 2003 ஜூலை 30-ஆம் தேதி மெக்ஸிகோவின் பியூப்லா ஆலையில் கடைசிப் பீட்டில் வெளியே வந்தது. எண் 2,15,29,464. பேப்பரில் படித்துவிட்டு வெளியே வந்து பார்த்தேன். பீட்டில் நின்ற இடத்தில் ஹெரால்ட், உடல் வேறு, அடிச்சட்டமான சேசிஸ் வேறாகப் பிரிந்து கிடந்தது.

ஹெரால்டைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் இந்தக் கடிதம் பொய்யாகிவிடும். ஓட்டுவதற்கு அருமையான வண்டி. முன்பகுதி மொத்தமும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும்; டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். மிச்செலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த உடல். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இரண்டு வருடத்தில் முடிப்பேன் என்று ஆரம்பித்தேன், ஐந்தானது. நட்டு, போல்ட் ஒவ்வொன்றையும் பொட்டலம் கட்டி எழுதி வைத்தேன். கதவில் பழைய பெயிண்டைத் தேய்த்தபோது, ஒரு நாணயத்தின் அளவுக்கு மரவளையம் போல நிறங்கள் வெளிப்பட்டன: வெள்ளை, அதற்குக் கீழே சிவப்பு, மறுபடி வெள்ளை, அதற்கும் கீழே மங்கலான நீலம். நாலு பேர் நாலு காலத்தில் விரும்பிய நிறங்கள். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் எல்லாவற்றையும் தகடு தெரியச் சுரண்டிவிட்டேன்.

முடித்தபோது புதிதைவிடப் புதிதாக இருந்தது. அதுதான் வினை. மழை என்றால் எடுக்க மாட்டேன். தூசி என்றால் எடுக்க மாட்டேன். நீ விடுமுறையில் வந்திருந்தாய். ஈரக் குடையோடு முன்சீட்டில் ஏறப் போனாய். நான் ஒரு கூச்சல் போட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ அந்தக் காரில் ஏறவே இல்லை என்பதை நான் ஒரு வருடம் கழித்துத்தான் கவனித்தேன். 2011-இல் அதை விற்றபோது வாங்கியவர் “கொடுக்க மனசே வரவில்லை போலிருக்கிறதே” என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

சரி, உன் பச்சை மைனருக்கு வருவோம். பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் பானெட்டின் மேல் கை வை. சூடாக இருந்தால், குளிரில் கிளம்ப மறுக்கும் வண்டி என்று சந்தேகப்படு. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போ. கதவுக்குக் கீழேயும் சக்கர வளைவுகளிலும் வைத்துப் பார். ஒட்டாமல் விழுந்தால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான் இருக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கிப் பார். ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பார்; கதவு இடித்தால் வண்டியின் முதுகெலும்பில் துரு ஏறிவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு மினுக்கினாலும் திரும்பி வந்துவிடு. ஈயம் கலக்காத பெட்ரோலுக்கு ஏற்ற வால்வு சீட் போட்டிருக்கிறார்களா என்று கேள். கடைசியாகக் கிரீஸ் அடித்தது எப்போது என்றும் கேள். பதிலைவிட, பதில் சொல்ல எவ்வளவு யோசிக்கிறார் என்பதைக் கவனி.

பிறகு உள்ளே உட்கார்ந்து, எல்லாரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல். சாவியைத் திருப்பு, ஸ்டார்ட் செய்யாதே. பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக் என்று அவசரமாக அடிக்கும், பிறகு நிதானமாகும், பிறகு நின்றுவிடும். கார்புரேட்டர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டாங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ ஒழுகுகிறது. அந்தச் சத்தம் கேட்டு எனக்கு எத்தனையோ வருடமாகிறது. நீ போனைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்து அனுப்பினால் நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன். காரணம் அது மட்டும் இல்லைதான்.

இன்னொரு விஷயம். மைனரை விற்றபோது வாங்க வந்த பையன், “கையால் சுற்றி ஸ்டார்ட் செய்கிற ஹாண்டில் எங்கே சார்?” என்று கேட்டான். தொலைந்துவிட்டது என்றேன். தொலையவில்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை. முழுக் காரையும் கொடுக்கிறவனுக்கு ஒரு கம்பியைக் கொடுக்க மனம் வரவில்லை. உன் படத்தில் இருப்பதும் மைனர்தான் என்பதால் பொருந்தும் என்று நினைக்கிறேன். சுற்றும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கிறபோது எலும்பு முறியும்.

நேற்று அதை எடுத்துத் துருவைத் தேய்த்து ஆயில் தடவினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடமாகப் பின்னறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் அவள் முட்டுக் கொடுத்து வைத்திருந்தது அதைத்தான். நீ வாங்கினால் நானே கொண்டுவருகிறேன். வாங்காவிட்டால் சொல், ஜன்னலுக்கே மறுபடி வைத்துவிடுகிறேன். இரண்டு நாளாக அது அடித்துக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
அப்பா