மாமியின் கட்டிலடிக்கு வரமுன்

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகள்,

நேற்று நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, இங்கே லைனும் விட்டுவிட்டு வந்தது. எழுதி அனுப்பினால் நீயும் மருமகனும் பிளேனில் இருந்து ஆறுதலாக வாசிக்கலாம். புற்று முற்றிக் கிடக்கிற உன் மாமிக்கு நோவுக்கு மோர்பின் குடுத்தால் கெதியாகப் போய்விடுவாவா, அவவுக்கு உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டாய். இரண்டும் வேறு வேறு கேள்வி மாதிரித் தெரியும். கட்டிலடியில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கட்டுண்டது. முதுகெலும்பு நோகிற ஆளிடம் போய் எந்த உண்மையையும் கதைக்க முடியாது. முதலில் நோவை அடக்கு. கதை தானாக வரும்.

பலியேட்டிவ் கெயார், அதுதான் நோவையும் அவதியையும் தணிக்கிற பராமரிப்பு, என்று டொக்டர் சொன்னதும் "கைவிட்டிட்டினம்" என்று வீட்டில் எல்லாரும் அழுததாகச் சொன்னாய். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது, பாவம். மாமி புற்றுக்கு எடுக்கிற குளிசையும் தொடரும், இதுவும் கூடவே நடக்கும். 2010இல் போஸ்ரனில் நுரையீரல் புற்று முற்றிய 151 பேரை வைத்துப் பார்த்தார்கள். தொடக்கத்திலேயே இந்தப் பராமரிப்புக் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவு. ஆயுளும் நடு அளவாக 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. மாமிக்கு இருப்பது மார்புப் புற்று, எலும்புக்குப் பரவினது. அந்தக் கணக்கை அவவுக்கு அப்படியே போடக்கூடாது. ஆனால் கைவிடுகிற வைத்தியம் இல்லை என்று சொல்ல இது போதும். லண்டனில் 1967இல் சென்ற் கிறிஸ்டோபர்ஸ் என்ற நிலையத்தைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ், முதலில் தாதியாகவும் பிறகு சமூக சேவையாளராகவும் இருந்து கடைசியில் டொக்டருக்குப் படித்தவ. உடம்பு நோ, மனக் கவலை, வீட்டுக் காசுப் பிரச்சினை, "ஏன் எனக்கு" என்று கடவுளைக் கேட்கிற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு நோயாளியின் முழு நோ என்று சொன்னவ. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தணிக்க ஏலாது.

இனி மோர்பின். சரியான அளவில் தொடங்கி, நோவுக்கு ஏற்றமாதிரி கூட்டிக்கொண்டு போனால் அது ஆயுளைக் குறைக்காது. கெட்டித்தனம் நேரத்தில் இருக்கிறது. நாலு மணித்தியாலம் வேலை செய்கிற வகை என்றால் காலை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10, விடியப்புறம் 2. டொக்டர் சம்மதித்தால் இரவு 10 மணிக்கு இரட்டை அளவு குடுத்து, விடியப்புறம் 2 மணிக்கு எழுப்பாமல் விடலாம். "நோ வந்தால் கேட்கிறேன்" என்று மாமி சொல்லுவா. கேட்க விடாதே. நோ வந்த பிறகு குடுத்தால் அதைப் பிடித்து அடக்கக் கூடின மருந்து வேணும், மாமியும் அடுத்த நோவை எண்ணி மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பா. அந்தப் பயந்தான் பாதி நித்திரையைக் கெடுப்பது. இடையில் திடீரென்று குத்தினால் வழமையான ஒரு நேர அளவை மேலதிகமாகக் குடுக்கச் சொல்லி எழுதித் தந்திருப்பார்கள். அதைக் குடுத்தாலும் அடுத்த நேரக் குளிசையைத் தவறவிடக்கூடாது. 12 மணித்தியாலத்துக்கு ஒருக்கா குடுக்கிற வகை என்றால் உடைக்கவோ அரைக்கவோ கூடாது. அரைத்தால் அரை நாள் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

ஒரு கொப்பி வாங்கி வை, பிள்ளைகளின் சீஆர் கொப்பி போதும். நாலு கோடு போடு: நேரம், மருந்து, நோ எத்தனை (0 என்றால் இல்லை, 10 என்றால் தாங்க ஏலாது), அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தா. நாலாவது கோட்டைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். "காலை 9.20, 7, முகம் கழுவ எழுப்பினது" என்று மூன்று நாள் தொடர்ந்து எழுதியிருந்தால், எழுப்புவதற்கு அரை மணித்தியாலம் முன்பு மேலதிக மருந்தைக் குடுக்கலாம் என்று டொக்டருக்கு உடனே விளங்கும். மேலதிகம் ஒரு நாளில் மூன்று தரத்துக்கு மேல் போனால், ஒவ்வொரு நேரமும் குடுக்கிற அளவையே கூட்டச் சொல்லி டொக்டரிடம் கேள். நீங்களாகக் கூட்டவேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

முதல் இரண்டு மூன்று நாள் தூங்கிக்கொண்டே இருப்பா. பலநாள் நித்திரையில்லாத உடம்பு கடனைத் தீர்க்கிறது. ஓங்காளமும் ஒரு கிழமைக்குள் போய்விடும். போகாதது மலச்சிக்கல். மோர்பின் தொடங்குகிற அன்றே மலமிளக்கியும் தொடங்கவேண்டும், "பிறகு பார்ப்பம்" என்றால் பிழையாய்ப் போகும். மூன்று நாள் போகாவிட்டால் அறிவி. இறுகிக் கிடப்பதன் பக்கத்தால் தண்ணியாகக் கசிவதைப் பார்த்து வயிற்றோட்டம் என்று எண்ணி மருந்தை நிறுத்துவது இங்கே அடிக்கடி நடக்கிற பிழை. எழுப்ப எழும்பாமல், ஒரு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக மூச்சு விட்டாலோ, கைகால் துடித்து உளறினாலோ அடுத்த நேரத்தைக் குடுக்காமல் உடனே சொல்லு. சிறுநீரகம் தளரும்போது மருந்து உடம்பில் தேங்கும்.

எரிவு, மின்சாரம் அடித்தமாதிரி இழுப்பு என்றால் அது நரம்பு நோ. அதற்கு மோர்பினோடு வேறு மருந்தும் தேவைப்படும். அமிற்றிப்ரிலின் எழுதினால் "அது மண்டைப் பிழைக்குக் குடுக்கிற குளிசையெல்லோ" என்று யாராவது வந்து சொல்லுவார்கள். இரவில் 10, 25 மில்லிகிராம் என்ற சின்ன அளவில் நரம்பு நோவுக்குக் குடுப்பது நெடுநாள் வழக்கம். எலும்பில் ஒரே இடத்தில் நோ என்றால் ஒரே ஒரு தரம் கதிர் (ரேடியேஷன்) பிடித்தாலே பலருக்குத் தணியும், சில கிழமை எடுக்கும். மகரகம அபேக்ஷா புற்று ஆஸ்பத்திரிக்குப் பயணம் கஷ்டம் என்று தவிர்க்கமுன் அங்கத்தைய டொக்டரிடம் இதைக் கேள்.

முக்கியமாக இது: கால் திடீரென்று பலங்கெட்டாலோ, விறைத்தாலோ, சலம் கட்டுப்பாடில்லாமல் போனாலோ, போகாமல் நின்றாலோ முண்ணாண், அதுதான் முதுகெலும்புக்குள்ளால் போகிற பெரிய நரம்பு, நசிபடுகிறது என்று நினை. அன்றைக்கே ஆஸ்பத்திரி. 1990 அம்புலன்ஸுக்கு அடி. விடிஞ்சு பார்ப்பம் என்று விட்ட இரவுக்குள் நடை போய்விடலாம்.

உண்மையைச் சொல்கிற விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் மாமிக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். வாசலில் நின்று குசுகுசுப்பதையும், கண் சிவந்து உள்ளே வருகிறவர்களையும் பார்க்காத நோயாளி இல்லை. அவ உங்களைக் காப்பாற்ற வாய் திறக்கமாட்டா, நீங்கள் அவவைக் காப்பாற்ற வாய் திறக்கமாட்டீர்கள். ஆனபடியால் கேட்பதில் தொடங்கு. காலை 10 மணி மருந்து குடுத்து முக்கால் மணித்தியாலம் போகட்டும். ரீவியை நிப்பாட்டு. நிற்காதே, கதிரையை இழுத்துத் தலைமாட்டுப் பக்கம் இரு. "மாமி, உங்கட வருத்தத்தைப் பற்றி டொக்டர்மார் என்ன சொன்னவை?" என்று கேள். பிறகு "எல்லாம் அறிய விருப்பமோ, இல்லாட்டி மகனோட அவை கதைச்சால் போதுமோ?" அறிய விருப்பமில்லை என்றாலும் அது அவவின் உரிமை, திணிக்காதே. விருப்பம் என்றால் சின்னச் சின்னத் துண்டாகச் சொல்லு, ஒவ்வொன்றுக்கும் பிறகு நிறுத்து.

ஒரு நாள் அவவே "எனக்கு இனிக் காலமில்லைப் போல" என்பா. "விசர்க்கதை கதைக்காதேங்கோ மாமி, எல்லாம் சுகம் வரும்" என்று வாய் உன்னிவரும். விழுங்கு. "ஏன் அப்பிடி நினைக்கிறியள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்துவரை எண்ணு. ஏழு எட்டிலேயே கதை வரும். பெரும்பாலும் சாவைப் பற்றி இருக்காது. நகை யாருக்கு, தம்பியோடு கதைக்காமல் விட்ட சண்டை, மூச்சு முட்டுமோ என்ற பயம், கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டிக் கடமை செய்ய மகன் நேரத்துக்கு வந்து சேருவானோ என்ற யோசனை, இப்படித்தான் இருக்கும். இவற்றில் பலதுக்குச் செய்யக்கூடிய காரியம் இருக்கிறது.

கவலை வேறு, மனச்சோர்வு வேறு. கவலை அலைமாதிரி வந்துபோகும், பேரனின் குரலைப் போனில் கேட்டால் முகம் மலரும். இரண்டு கிழமையாக எதிலும் பிடிப்பில்லை, பேரனும் வேண்டாம், "நான் எல்லாருக்கும் பாரம்" என்ற ஒரே பேச்சு என்றால் அது மருந்தும் ஆலோசனையும் தேவைப்படுகிற மனச்சோர்வு. பசியின்மையையும் மெலிவையும் வைத்து முடிவெடுக்காதே, அது புற்றாலும் வரும். மருந்து பிடிக்க இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், ஆகவே பிந்தாதே. "சாகவேணும்போல இருக்கோ" என்று நேரே கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். கேட்டால் பாரம் இறங்கும்.

மூன்றாவது ஒன்று, திடீரென்று ஒரு நாளில் வருவது. பின்னேரம் ஆளை அடையாளம் தெரியாமல் சட்டையைப் பிடுங்குவா, காலையில் தெளிந்துவிடுவா. இன்னொரு விதத்தில் சும்மா சுருண்டு படுத்திருப்பா, அதைக் கவலை என்று நினைத்துவிடுவோம். இது புத்தித் தடுமாற்றம். சலம் அடைத்ததோ, மலம் இறுகினதோ, காய்ச்சலோ, புது மருந்தோ, தண்ணி குறைந்ததோ என்று முதலில் பார்க்கவேண்டும். கண்ணாடியைப் போட்டுவிடு, மங்கல் லைற் ஒன்றை எரியவிடு, வாதாடாதே. செத்துப்போன தாய் வந்து பக்கத்தில் இருக்கிறா என்று சந்தோசமாகச் சொன்னால் "எங்கே?" என்று திருத்தப் போகவேண்டாம்.

ஆடி மாதம் வாறீர்கள், கச்சான் காற்று வறுத்தெடுக்கும். வாய்தான் முதலில் காயும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மெல்லிய பிரஷ்ஷால் பல்லும் நாக்கும் துடைத்து, ஒரு வாய் தண்ணியோ ஐஸ் துண்டோ குடுத்து, உதட்டுக்கு வாஸ்லின் பூசு. எலுமிச்சை, கிளிசரின் வேண்டாம், இன்னும் காயவைக்கும். மூச்சு வாங்கினால் தலையணையில் சாய்த்து இருத்தி, மூக்கும் கன்னமும் குளிர பனையோலை விசிறியால் முகத்துக்கு வீசு. முகத்தில் காற்றுப் படுவதே மூச்சுத்திணறலைக் குறைக்கும்.

சாப்பாட்டில்தான் வீட்டில் சண்டை வரும். கடைசிக் கிழமைகளில் உடம்பு தானாகச் சாப்பாட்டை ஒதுக்கும். பட்டினியால் சாகவில்லை, சாகிறதால் பசிக்கவில்லை என்று மருமகனுக்கு நீதான் மெதுவாக விளங்கப்படுத்தவேண்டும். நிமிர்ந்து இருக்கும்போது கேட்டால் இரண்டு கரண்டி கஞ்சி. திணித்தால் புரைக்கேறி நுரையீரலுக்குப் போகும். பார்க்க வருகிறவர்கள் ஹோர்லிக்ஸ் ரின்னோடு வந்து ஒரு மணித்தியாலம் அழுதுவிட்டுப் போவார்கள். 15 நிமிடம் என்று நீயே வாசலில் சொல்லு, கெட்ட பெயர் வந்தால் வரட்டும்.

பேரன் கேட்டால் "அப்பம்மா நித்திரை கொள்ளப்போறா" என்று சொல்லாதே, பிறகு அவன் படுக்கப் பயப்படுவான். சாகப்போறா என்றே சொல்லு. அவன் பிழை செய்ததால் வந்த வருத்தம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லு.

கனடாவில் மனிற்றோபாவைச் சேர்ந்த சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர் ஒரு முறை வைத்திருக்கிறார். நோயாளி தன் வாழ்க்கையில் எது பெரிதாகத் தெரிகிறது, பிள்ளைகள் எதை நினைவில் வைத்திருக்கவேண்டும் என்று சொல்லச்சொல்லப் பதிந்து, எழுதி, திருத்தி அவரிடமே வாசித்துக்காட்டிக் கையில் குடுப்பது. அது பயிற்சி பெற்றவர்கள் செய்வது. இருந்தாலும் உன் போனில் அரை மணித்தியாலம் பதிந்தால் போதும். மாமி யாருக்குக் குடுக்கச் சொல்கிறாவோ அவருக்கு மட்டும் அது போகவேண்டும்.

இப்போது மாமியைத் தனியப் பார்ப்பது உன் மச்சாள். வந்த அன்றிரவே அவவைப் படுக்க விட்டுவிட்டு நீ முழித்திரு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மாமியைத் திருப்பிப் படுக்கவை. மச்சாளும் ஒருநாள் உடைந்துபோவா. தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எந்த நேரமும் எடுக்கலாம் என்று அந்த இலக்கத்தைப் பிரிஜ்ஜில் எழுதி ஒட்டிவிடு.

வரும்போது மெல்லிய பிரஷ் நாலும் வாசனையில்லாத கிறீமும் கொண்டு வா. பெரிய இலக்கம் போட்ட மணிக்கூடு இங்கே கடையில் இருக்கிறது, நான் வாங்கி மாமி படுத்தபடி பார்க்கிற சுவரில் மாட்டிவிடுகிறேன். பிளேன் நேரத்தை அப்பாவுக்கு அனுப்பு, வான் பிடிக்க வேணும்.

அன்புடன்,
அம்மா