பாலர் பள்ளியில் திடலுக்கும் நேரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்த முதல் மாதத்திலேயே எழுத்துப் பயிற்சி நூலைக் கேட்பதும், திடலில் கழியும் நேரத்தை வீணென்று எண்ணுவதும் கோலாலம்பூர்ப் பெற்றோர் பலரிடம் வழக்கமாகிவிட்டன. ஐந்து வயதுப் பிள்ளை பென்சிலை உறுதியாகப் பிடிக்கத் தோளும் மணிக்கட்டும் வலுப்பெற வேண்டும். ஏறுவதும், தொங்குவதும், பந்து எறிவதும் அந்த வலுவைத் தருகின்றன. பாண்டியாட்டத்தில் ஒற்றைக் காலில் கட்டம் தாண்டும் பிள்ளை, எண் வரிசையையும் உடற்சமநிலையையும் தன் முறைக்குக் காத்திருக்கும் பொறுமையையும் ஒருசேரப் பழகுகிறது.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், அதில் 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்றும், திரைமுன் அமர்வது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரங்களில் அடுக்குமாடி வீடுகளில் வாழ்வோர்க்கு இது எளிதன்று. ஆகவே, வெயில் ஏறுமுன் முதல் ஒரு மணி நேரத்தைப் பாலர் பள்ளிகள் திடலுக்கே ஒதுக்க வேண்டும். மழை நாளில் மண்டபம் போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பயிற்சி நூல்களுக்கான பணத்தில் ஒரு பகுதியைக் கயிறு, பந்து முதலியவற்றுக்குச் செலவிடலாம்.

இப்படிக்கு,
பாலர் பள்ளி ஆசிரியை,
செந்தூல், கோலாலம்பூர்