பட்டியலை நம்பி வருபவர் பூட்டிய கதவைப் பார்க்கக் கூடாது: சேவைக்குழுவின் நிதி வேண்டுகோள்

குடியை விட்டவர்களும் விட விரும்புபவர்களும் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தின் அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கூட்டப் பட்டியலை அச்சிடவும், உதவித் தொலைபேசியை நடத்தவும், அலுவலக அறையின் வாடகைக்குமாக ஓராண்டுக்குத் தேவைப்படும் தொகையில் எட்டு மாதத்துக்கு உரியதுதான் கையில் இருக்கிறது. மீதி நான்கு மாதத்துக்கு வழியில்லை. இம்மாதம் 30ஆம் தேதிக்குள் பட்டியல் அச்சுக்குப் போக வேண்டும்.

நம் இயக்கமே ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஏக்ரான் நகரில், வந்த தொழில் காரியம் கைகூடாமல் ஓட்டல் முகப்பில் தனியாக நின்றார், குடியை விட்டிருந்த நம் நிறுவனர் பில் டபிள்யூ. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம். மறுபக்கம் தொலைபேசியும் அவ்வூர்த் தேவாலயங்களின் பட்டியலும். அவர் பட்டியல் பக்கம் போனார். அங்கே தொடங்கிய அழைப்புகள் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற அம்மையாரிடமும், அவர் வழியாக, குடியை விட முடியாமல் தவித்த மருத்துவரும் நம் மற்றொரு நிறுவனருமான டாக்டர் பாபிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தன. பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி உட்கார்ந்த டாக்டர் பாப் பல மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10தான் நமக்குத் தொடக்க நாள். அது அவரவர் உணர்ந்த இறைவனின் கருணை. அந்தக் கருணை சரியான ஒரு தொலைபேசி எண்ணின் வழியாக வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இன்று அந்த எண்களைச் சரியாக வைத்திருப்பது நம் கடமை. பட்டியல் பழசானால் என்ன ஆகும்? கூட்டம் வியாழனிலிருந்து வெள்ளிக்கு மாறியிருக்கும். அறை கீழ்த்தளத்திலிருந்து பின்வாசல் மாடிக்குப் போயிருக்கும். அநாமதேயம் கருதிப் பெயர்ப்பலகையும் பெரிதாக வைப்பதில்லை. முதல்முறை வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவார். போகிற வழியில் மதுக்கடை திறந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு குழுவையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, நாள், தொடங்கும் நேரம், எந்த வாசல், படியேற முடியாதவருக்கு வழி உண்டா, திறந்த கூட்டமா (யாரும் வரலாம்) மூடிய கூட்டமா (குடியை நிறுத்த விரும்புபவர் மட்டும்) என்று கேட்டுக் குறிக்கிறோம். ஒரு குழுவுக்கு இரண்டு தொடர்பு எண்கள் வாங்குகிறோம். ஒருவர் எண்ணை மாற்றிவிட்டாலோ, மீண்டும் குடிக்கத் தொடங்கிவிட்டாலோ மற்றவர் எடுப்பார்.

பட்டியலின் பின்பக்கத்தில் புதியவருக்கான குறிப்பு அச்சாகும். நுழைவுக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் போதும். குடும்பத்தாரும் வரலாமா என்றால் திறந்த கூட்டத்துக்கு மட்டும் வரலாம். அவர்களுக்கென்று அல்-அனான் தனியே உண்டு. பத்து நிமிடம் முன்பே வாருங்கள். பேச விருப்பமில்லையென்றால் "கேட்க வந்தேன்" என்றால் போதும். முடிந்ததும் ஓடிவிட வேண்டாம், தொலைபேசி எண்கள் கைமாறுவது அந்தக் கடைசிக் கால்மணி நேரத்தில்தான். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடாமல், வேறு குழுக்களையும் சேர்த்து ஆறு கூட்டமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

உதவித் தொலைபேசியில் அழைப்பவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியாக எப்போது குடித்தீர்கள்?" என்பது. நாள்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் இல்லாதது கண்ணில் தெரிவது, மனம் குழம்புவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கம், வாந்தி, குழப்பம் என்று கேட்டால் முதலில் மருத்துவமனை, பிறகுதான் கூட்டம். மருத்துவர் வேலையை நாம் செய்வதில்லை. மற்றவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கூட்டங்களைச் சொல்லி, வாசலில் நிற்பவரின் பெயரையும் சொல்கிறோம். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தால் இருவராகவே போகிறோம்.

இந்தத் தொலைபேசியை எடுக்க வாரத்துக்கு 168 மணி நேரம் ஆள் வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் என்றால் 56 முறைகள். இதில் 15 காலி. பெரும்பாலும் சனி, ஞாயிறு இரவுகள். அழைப்பு அதிகம் வருவதும் அப்போதுதான்.

நம் இயக்கத்தின் பன்னிரண்டு மரபுகளில் ஏழாவதன்படி வெளியார் பணத்தை நாம் தொடுவதில்லை. 1938இல் அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லர் 5,000 டாலர் தந்தார். அதற்குமேல் பணம் இந்த இயக்கத்தைக் கெடுத்துவிடும் என்று அவரே அஞ்சினார். அன்றைய மூத்தவர்கள் அதன்பின் சொந்தக் காலில் நிற்கப் பழகினார்கள். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் நாம், கூட்டத்தில் பை சுற்றி வரும்போது சில்லறை தேடுவது தகுமா? குடித்த காலத்தில் கடன் வாங்கியாவது கொடுத்தோம். ஒரு நாள் குடிக்குச் செலவான தொகையை மாதம் ஒருமுறை கொடுத்தாலே பற்றாக்குறை தீரும். புதியவர்கள் தர வேண்டாம். அவர்கள் வந்தாலே போதும்.

கடந்த ஆண்டு தந்தவர்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. பெயர் சொல்ல மரபு இடம் தராது. ஓய்வூதியத்திலிருந்து மாதம் தவறாமல் தந்த மூத்தவருக்கும், தம் குடியற்ற ஆண்டுநாளில் ஆண்டுக்கு இவ்வளவு என்று எண்ணித் தந்தவர்களுக்கும், பணமில்லாமல் நள்ளிரவு முறைகளை ஏற்றவர்களுக்கும், வாடகை வேண்டாம் என்று கட்டட உரிமையாளர் சொன்னபோதும் வற்புறுத்திக் கொடுத்துவந்த குழுப் பொருளாளர்களுக்கும் குழு கடன்பட்டிருக்கிறது.

உங்கள் பங்கை 25ஆம் தேதிக்குள் குழுப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தொலைபேசி முறை ஏற்க விரும்புபவர்கள், குடியை விட்டு ஓராண்டு ஆகியிருந்தால், நாளையும் நேரத்தையும் அதே ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.

சேவைக்குழு