ரிம் விற்பவர்கள் பில்லில் அளவை எழுதித் தரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பள்ளங்களைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். நானும் அதையே எழுதினால் படிப்பவர்களுக்கு அலுப்பு. பள்ளத்தில் விழுந்து ரிம் கோணிய பிறகு நடப்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் பெரம்பூர் ரயில் பெட்டிப் பணிமனையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் சக்கரப் பிரிவில். அகலப்பாதை வண்டி என்றால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரங்களுக்கும் உட்பக்க இடைவெளி 1,600 மி.மீ. இருக்க வேண்டும். கடைந்து முடித்த பிறகு இரண்டின் விட்டமும் அரை மி.மீ.க்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. அளந்து, சக்கரத்தின் மேலேயே சாக்பீஸால் எழுதிய பிறகுதான் அடுத்த இடத்துக்குத் தள்ளுவோம். அப்படிப்பட்டவன் சொந்தக் காருக்கு வாங்கும்போது ஒன்றையும் அளக்கவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

என்னுடையது 2013-ல் வாங்கிய டீசல் ஸ்விஃப்ட். மழை விட்ட ஒரு ராத்திரி, தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி, இரும்பு ரிம்மின் விளிம்பு மடங்கிவிட்டது. ஒரு ரிம் மட்டும் மாற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். "தாத்தா, அலாய் போட்டா வண்டி சூப்பரா இருக்கும்" என்று பேரன் ஆரம்பித்தான்; அலுமினியக் கலவை ரிம்மைச் சொல்கிறான். கடையில், "நாலு ஓட்டை, நூறு பிசிடி. உங்க வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி உக்காரும் சார்" என்றார்கள். (பிசிடி என்பது நட்டு ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்.) உட்காரவும் செய்தது. நாலு ரிம், நாலு டயர், 42 ஆயிரம் ரூபாய்.

ஆடி மாதம் குடும்பத்தோடு பெரியபாளையம் கிளம்பினோம். ஐந்து பேர், பின்னால் பொங்கல் பாத்திரம், விறகு. செங்குன்றம் தாண்டி 80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் உதற ஆரம்பித்தது. ஜனப்பன்சத்திரத்தில் திரும்பி உள்ளே போனால், வேகத்தடைக்கு வேகத்தடை பின்பக்கம் 'சர்ரக்' என்று ஒரு சத்தம். அம்மன் சன்னதியில் என் மனைவி என்ன வேண்டிக்கொண்டாளோ, நான் டயருக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால் இரண்டு பின்டயர்களின் தோள்பட்டையும் மட்கார்டு விளிம்பில் உரசித் தேய்ந்திருந்தது.

கடைக்குப் போனேன். பேலன்சிங் மெஷினில் ஏற்றிக் காட்டினார்கள். சைபர். "சக்கரத்துல குறையே இல்ல சார், ரோடு அப்படி" என்றார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை. மெஷினில் நடுத்துளையில் கூம்பு வைத்துப் பிடிக்கிறார்கள், அங்கே சக்கரம் நடுவாக நிற்கிறது. என் வண்டியிலோ ஹப்பின், அதாவது ரிம் உட்காரும் நடுக் குமிழின், விட்டம் 54.1 மி.மீ., அந்த ரிம்மின் நடுத்துளை 73.1. பல வண்டிக்கும் பொதுவாக விற்க வேண்டும் என்று வெளிக் கம்பெனிகள் பெரிய துளையாகவே செய்கிறார்கள். இடையில் 19 மி.மீ. வெறுமை. அதை அடைக்க ஒரு வளையம் உண்டு. பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் வரும், விலையும் அதிகமில்லை. எனக்குப் போடவில்லை. வளையம் இல்லாவிட்டால் நட்டின் கூம்புதான் சக்கரத்தை நடுவில் நிறுத்த வேண்டும். ஜாக்கியில் தூக்கிய நிலையிலேயே எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் ஓரளவு நிற்கும். கடைப் பையன் நட்டு முடுக்கும் காற்றுத் துப்பாக்கியை வைத்து ஒரு நட்டை 'டர்ர்ர்' என்று முழுக்க இறுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான். என் கண் முன்னால்தான் நடந்தது. நானும் டீ குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

உரசலுக்கு வேறு காரணம். டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் 165/80 ஆர்14 என்று இருக்கிறது (டயரின் அகலம் மி.மீ.யில், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம்மின் விட்டம் அங்குலத்தில்). எனக்குப் போட்டது 195/65 ஆர்15. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதலாவதின் விட்டம் சுமார் 620 மி.மீ., இரண்டாவது 634-க்கும் மேல். ஸ்பீடோமீட்டரில் 80 காட்டும்போது வண்டி நிஜத்தில் முன்னைவிட இரண்டு கி.மீ. வேகம் கூட ஓடும். 15 அங்குலம்தான் வேண்டும் என்றால் 185/65 போட்டிருக்கலாம், அது 621.5 மி.மீ. இதோடு ஆஃப்செட் வேறு, அதாவது ரிம் ஹப்பில் பதியும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. ரிம்மின் முதுகில் 'இடி' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொறித்திருப்பார்கள். 45 இருக்க வேண்டிய இடத்தில் 35 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். ரிம்மின் அகலமும் 5 அங்குலத்திலிருந்து 6 ஆனதால் அந்தப் பக்கம் இன்னொரு 12, 13 மி.மீ. அப்புறம் மட்கார்டு உரசாமல் என்ன செய்யும்?

இதையெல்லாம்விடப் பயந்தது மூலக்கடையில். பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டப் போனால் ஒரு நட்டு கழலவே இல்லை. பஞ்சர் கடைக்காரர் நீளக் கம்பியைப் போட்டு ஏறி மிதித்துக் கழற்றினார். மறை (திருகுப் புரி) மொத்தமும் மழுங்கி, ஸ்டட்டில் (நட்டு ஏறும் போல்ட்டில்) இரும்புத் தூள். "இன்னா நைனா, வேற வண்டி நட்ட மாட்டிக்கினு சுத்துற?" என்றார். அவர் சொன்னது சரி. சுஸுகி ஸ்டட்டின் மறை 12-க்கு 1.25 (12 மி.மீ. தடிமன், புரிக்குப் புரி 1.25 மி.மீ.), ஹூண்டாய், ஹோண்டாவுக்கு 1.5. பளபளவென்று குரோம் நட்டு கொடுத்திருந்தார்கள், மறை 1.5. கையால் ஒன்றிரண்டு சுற்று போகும், அப்புறம் பிடிக்கும். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும், துப்பாக்கிதான் நிற்காதே. இரண்டு ஸ்டட்டை அடித்து எடுத்துப் புதிதாகப் போட்டேன். புதுப்பேட்டையில் அதே வண்டியின் பழைய இரும்பு ரிம் ஒன்று கிடைத்தது. வெர்னியர் வைத்துப் பார்த்து, ஒரு சுற்று சுழற்றி விளிம்பு ஆடவில்லை என்று தெரிந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். இப்போது வண்டி பழையபடி ஓடுகிறது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நாலு ஓட்டை ரிம்மில் பிசிடி பார்க்க, ஒரு ஓட்டையின் உள்விளிம்பிலிருந்து நேர் எதிர் ஓட்டையின் வெளிவிளிம்பு வரை அளந்தால் போதும். ஐந்து ஓட்டை என்றால் எதிரே ஓட்டை இருக்காது. பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் மைய தூரத்தை 1.7-ஆல் பெருக்குங்கள். "இரண்டு மி.மீ. தானே, ஏறிடும்" என்று சொன்னால் இறங்கி வந்துவிடுங்கள். ஃபியட் புன்டோவுக்கு 98, ஸ்விஃப்டுக்கு 100. வலுக்கட்டாயமாக மாட்டினால் ஏறிவிடுவது மாதிரித்தான் இருக்கும், ஆனால் நட்டு கோணலாக உட்காரும்.

கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. இப்போது பில்லில் 'அலாய் 15 - 4 எண்ணம்' என்று மட்டும் எழுதித் தருகிறார்கள். அதோடு அகலம், பிசிடி, ஆஃப்செட், நடுத்துளை, நட்டின் மறை, வளையம் போட்டார்களா என்பதையும் ஒரு வரி எழுதினால் என்ன? எழுத வேண்டும் என்றால் ரிம்மைத் திருப்பிப் பார்த்தாக வேண்டும். மாநகராட்சியோ போக்குவரத்துத் துறையோ இதைக் கட்டாயமாக்கினால் நல்லது. அதுவரை நாமே கேட்டு எழுதி வாங்கலாம், தப்பில்லை.

அந்த நாலு அலாயும் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. விற்கப் போகிறேன். நாலிலும் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்: 15, 6, 100, 35, 73.1.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர்,
வியாசர்பாடி, சென்னை - 39.