மழுங்கிய பெல்ட்டால் கெடும் கத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைவினைக் கத்தி செய்யும் சிறு பட்டறைகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலையையும் சம்மட்டியையும் சொல்லி முடித்துவிடாமல், தேய்ப்புக்கும் மெருகுக்கும் உரிய பெல்ட் (உராய்துகள் ஒட்டிய துணி வளையம்) ஓடும் இயந்திரத்துக்குச் சில பத்திகளை ஒதுக்கியது பாராட்டுக்குரியது. ஆனால், செலவைக் குறைக்க ஒவ்வொரு பெல்ட்டையும் அது கிழியும்வரை ஓட்ட வேண்டும் என்று அதில் இருந்த ஆலோசனையைத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் அப்படியே கடைப்பிடித்தால், பெல்ட்டில் மிச்சம் பிடிப்பதைவிடப் பல மடங்கு பணத்தைக் கத்தியில் இழப்பார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கிய பின், அது எளிதில் உடையாமல் இருப்பதற்காகப் பெரும்பாலும் 200 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் மீண்டும் வைத்துப் பதப்படுத்துகிறோம். பட்டறையில் டெம்பர் என்று சொல்வது இதைத்தான். அதற்குப் பிறகு தேய்க்கும்போது கத்தியின் எந்த இடமாவது அந்தச் சூட்டைத் தாண்டினால், அந்த இடம் மட்டும் மென்மையாகிவிடும். பெல்ட்டில் ஒட்டியுள்ள உராய்துகளை மணி என்கிறோம். கூரான மணி எஃகைச் சீவி எடுக்கிறது; உண்டாகும் வெப்பத்தில் கணிசமான பங்கு பொறியோடு பறந்துவிடுகிறது. மழுங்கிய மணியோ சீவுவதில்லை, உரசுகிறது. அந்த வெப்பம் கத்திக்குள்ளேயே இறங்குகிறது. வெட்டும் விளிம்பான வாய்ப் பகுதி அரை மில்லிமீட்டருக்கும் மெலிந்திருக்கும் நிலையில், இறங்கிய வெப்பம் பரவிப்போக அங்கே உலோகம் இல்லை. 220 பாகையை ஒட்டி வைக்கோல் நிறமும் 300 பாகையை ஒட்டி நீலமும் கண் இமைக்கும் நேரத்தில் ஏறிவிடும். இதில் மோசமானது என்னவென்றால், அந்த நிறத்தை அடுத்த பெல்ட் சுத்தமாக அழித்துவிடுகிறது, மென்மையை அழிப்பதில்லை. வாங்குபவர் பளபளக்கும் கத்தியைத்தான் பார்க்கிறார். சில நாள் காய் நறுக்கிய பிறகு வாய் மடங்கும்போது எஃகு சரியில்லை என்று நினைக்கிறார்.

பெல்ட் எப்போது முடிந்தது என்பதைக் கையே சொல்லும். பொறி குறையும், ஓசை மாறும், முன்பைவிட அழுத்தித் தேய்க்க வேண்டியிருக்கும், ஒரே இழுப்பில் விரல் சுடும். அதனால்தான் கடினமாக்கிய கத்தியை வெறுங்கையால் பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் பின் தண்ணீரில் முக்குவது நல்லது. (கட்டுரையோடு வந்த படத்தில் இருந்தவர் துணிக் கையுறை அணிந்திருந்தார். அது சூட்டை உணரவிடாது. ஓடும் பெல்ட்டில் சிக்கினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.) மணிகளுக்கிடையே தூளும் பிசினும் அடைத்துக்கொண்ட பெல்ட்டை ரப்பர் கட்டியால் துடைத்து மீட்கலாம். மணியே மழுங்கிவிட்ட பெல்ட்டை எதைக்கொண்டும் மீட்க முடியாது. இரண்டும் ஒன்றென்று எண்ணி ரப்பரைத் தேய்த்துக்கொண்டே இருப்பவர்கள் நம்மிடையே பலர்.

மெதுவாகத் தொட்டுத் தேய்த்தால் எந்தப் பெல்ட்டும் நீண்ட நாள் உழைக்கும் என்பதும் முழு உண்மையல்ல. செராமிக் மணி, அழுத்தத்தில் நுண்ணிய துண்டுகளாக உடைந்து புதிய முனை காட்டும்படி உருவாக்கப்பட்டது. அழுத்தமும் வேகமும் போதாவிட்டால் அது உடையாமல் மேலே வழவழத்துப்போகிறது. ஆகவே கத்தியின் வடிவத்தை எடுக்கும் முரட்டு வேலைக்குச் செராமிக் பெல்ட்டைப் புதிதாக இருக்கும்போதே வேகத்தோடு பயன்படுத்த வேண்டும். மெருகு வேலைக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். நம் ஊரில் கிடைக்கும், நிமிடத்துக்கு 2,800 சுற்றுச் சுற்றும் மோட்டாரில் 100 மில்லிமீட்டர் சக்கரம் பூட்டினால் பெல்ட் நிமிடத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் ஓடும். அதே சக்கரத்தை 1,440 சுற்று மோட்டாரில் பூட்டினால் 450 மீட்டர்தான். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் பணம் இல்லாதவர்கள், சிறிய சக்கரம் ஒன்றை மெருகு வேலைக்கென்று வைத்துக்கொள்ளலாம்.

மெருகில் இன்னொரு குழப்பம், மணியின் அளவைக் குறிக்கும் நம்பர். பின்புறம் பி400 என்று அச்சிட்ட பெல்ட்டின் மணி ஏறத்தாழ 35 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). பழைய அமெரிக்க முறைப்படி வெறும் 400 என்று இருந்தால் அது ஏறத்தாழ 23 மைக்ரான். 3எம் நிறுவனத்தின் டிரைசாக்ட் பெல்ட் வகையில் ஏ45 என்பது ஏறக்குறைய பி400-க்கு இணை. அங்கே எண் குறையக் குறைய மணி நுண்மையாகும். இதை அறியாமல் பெல்ட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டால், முந்தைய கீறலை அழிக்க முடியாமல் அதே இடத்தில் நின்று தேய்க்க நேர்ந்து, மறுபடியும் சூட்டில்தான் போய் நிற்போம். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் கோணத்தைச் சற்றே மாற்றினால் மிச்சக் கீறல் தானே தெரியும். புது மெருகுப் பெல்ட்டை முதலில் பழைய இரும்புத் துண்டில் ஓட்டி, துருத்தி நிற்கும் மணிகளை உதிர்த்துவிடுவதும் அவசியம்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, கட்டுரை ஒரு வரியும் சொல்லவில்லை. பெல்ட்டின் முதுகுத் துணி ஈரத்தை உறிஞ்சி வளையும். இரு முனைகளையும் இணைத்து ஒட்டும் பசை வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் தளரும். இருபது பாகையை ஒட்டிய வெப்பமும் 50 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதமும் அவற்றுக்கு ஏற்றவை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது கனவுதான் என்றாலும், மூடிய அலமாரியில் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களோடு வைப்பது எல்லோராலும் முடியும். ஆணியில் மாட்டக் கூடாது. ஆணி பட்ட இடத்தில் மடிப்பு விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்த மடிப்பு கத்தியைத் தட்டும். பருமனான பிவிசி குழாய்த் துண்டைச் சுவரில் பதித்து அதில் தொங்கவிடலாம். முரட்டு பெல்ட்டையும் நுண்ணிய பெல்ட்டையும் ஒரே குழாயில் போடாமல் இருப்பது நல்லது. உதிரும் ஒரே ஒரு பெரிய மணி முழு மெருகையும் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் இயந்திரத்தில் பெல்ட்டின் இழுவிசையைத் தளர்த்திவிட வேண்டும்.

கைப்பிடி மரத்துக்குத் தனிப் பெல்ட் வேண்டும். எஃகுத் தூள் படிந்த பெல்ட் மரத்தைக் கறுக்கச் செய்யும். மரத்தூள் சேர்ந்த தூசி உறிஞ்சியில் எஃகுப் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். எஃகில் உழைத்து முடித்த பெல்ட்டைத் துடைத்தாலும் மரத்துக்கு மாற்ற வேண்டாம். நீளத் துண்டுகளாக வெட்டி, கையால் துரு எடுக்க வைத்துக்கொள்ளலாம். அதுவே உண்மையான சிக்கனம்.

உராய்பொருள் தொழில் நமக்குப் புதிதல்ல. கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் சென்னையில் 1954-இலேயே தொடங்கப்பட்டது. கேட்ட நீளத்துக்குப் பெல்ட் ஒட்டித் தரும் கடைகள் இன்று சென்னையிலும் கோவையிலும் இருக்கின்றன. ஆனால் உதிரியாக வாங்கும்போது பல கடைகளில் அதை நாலாக மடித்து ரப்பர் வளையம் போட்டுத் தருகிறார்கள். எப்போது ஒட்டியது என்ற விவரமும் இருப்பதில்லை. விற்பவர்கள் மடிக்காமல் சுருட்டித் தரவும், ஒட்டிய மாதத்தை முதுகில் எழுதித் தரவும் வேண்டும். தங்கள் தொழில் பக்கத்தில் இக்கோரிக்கையையும், கிழியும்வரை ஓட்டலாம் என்ற வரிக்குத் திருத்தத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
கத்திப் பட்டறை நடத்தும் வாசகர்,
கோயம்புத்தூர்.