பெயின்டர் நண்பர்களே, அந்தத் தின்னர் துணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் நண்பர்களுக்கும், அவர்களை வேலைக்கு அனுப்பும் மேஸ்திரிகளுக்கும்,

வணக்கம்.

பழைய மரச்சாமான்களைச் சரிசெய்து பாலிஷ் போடுவது என் தொழில். நீங்கள் வேலை முடித்துப் போன வீடுகளிலிருந்து மேசையும் நாற்காலியும் அலமாரியும் அடிக்கடி என்னிடம் வருகின்றன. பெயின்ட் புள்ளி விழுந்துவிட்டது என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. தலைக்கு மேலே ரோலர் ஓட்டினால் நாலு சொட்டு சிதறத்தான் செய்யும், எவ்வளவு மூடினாலும் ஏதோ ஒரு இடுக்கில் போய் விழும். என் வருத்தமெல்லாம் அதற்கு அடுத்து நடப்பதைப் பற்றித்தான். வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் சுத்தம் செய்துவிடலாம் என்ற நல்ல எண்ணத்தில், பக்கெட் பக்கத்தில் கிடக்கும் துணியைத் தின்னரில் நனைத்து ஒரு தேய்ப்பு. புள்ளி போய்விடுகிறது, கூடவே பாலிஷும் போய்விடுகிறது.

அந்தத் தேய்ப்புக்குப் பிறகு மேசை எப்படி இருக்கும் தெரியுமா? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் திட்டு. நடுவில் மரத்தின் நிறமே வெளுத்திருக்கும், ஓரத்தில் கரைந்து ஒதுங்கிய பாலிஷ் ஒரு வரப்பு மாதிரி திரண்டு இறுகியிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் துணியின் பஞ்சு இழைகள் அதற்குள் பதிந்திருப்பது தெரியும். முன்பு அங்கே இருந்தது கடுகளவு வெள்ளைப் புள்ளி. அதை என்னால் நிதானமாக எடுத்திருக்க முடியும். இந்தத் திட்டுக்கு மேற்பலகை முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும், அப்படிச் செய்தாலும் பல வருட வெயிலும் கைபட்ட மினுமினுப்பும் சேர்ந்து கொடுத்த அந்த நிறம் வராது.

காரணம் எளிது. பழைய சாமான்களின் மேல்பூச்சு இன்றைய பாலியூரித்தேன் மாதிரி கெட்டியானதில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பிறகும் செய்த நல்ல சாமான்கள் பலவற்றில் இருப்பது அரக்கை ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ். எத்தனை வருடம் ஆனாலும் ஸ்பிரிட் பட்டால் அது திரும்பவும் இளகும். 1920களுக்குப் பிறகு தொழிற்சாலைகளில் நைட்ரோசெல்லுலோஸ் (சுருக்கமாக என்.சி.) லேக்கர் என்ற வேகமாகக் காயும் பூச்சு வந்தது, அதைக் கரைப்பதற்கென்றே இருப்பதுதான் நீங்கள் வைத்திருக்கும் என்.சி. தின்னர். எண்ணெய் வார்னிஷ் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுவும் தின்னரில் ஊறினால் சுருங்கி எழும்பும். ஆக, புள்ளியை எது கரைக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், அதற்குக் கீழே இருப்பதை எது கரைக்கும் என்று யோசிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மேசையின் அடிவிளிம்பிலோ பின்காலிலோ, கண்ணில் படாத இடத்தில், காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டு வைத்துச் சிறிது நேரம் பொறுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. ஒன்றும் ஆகவில்லையென்றால் வேறொரு மறைவிடத்தில் ஒரு துளி தின்னர். அதில் இளகினால் லேக்கர். இரண்டிலும் கரையவில்லையென்றால் எண்ணெய் வார்னிஷ் அல்லது பிற்காலத்துப் பூச்சு. ஸ்பிரிட்டைத்தான் முதலில் வைக்க வேண்டும், ஏனென்றால் தின்னர் அரக்கையும் இளக்கும், முதலிலேயே அதை வைத்தால் ஒன்றும் புரியாது.

இனி புள்ளிக்கு வருவோம். தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்டான எமல்ஷன் சொட்டு ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் நல்லது, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி எடுத்து உடனே உலர்ந்த துணியால் துடைத்தால் முடிந்தது. எண்ணெய் பெயின்ட்டான எனாமல் சொட்டு ஈரமாக இருந்தால் துணியில் கொஞ்சமாக மினரல் டர்பன்டைன், அதுவும் ஒற்றி எடுக்கத்தான். டர்பன்டைன் மேலே இருக்கும் மெழுகை எடுத்துவிடும், ஆனால் காய்ந்த அரக்கையும் லேக்கரையும் கரைக்காது. மெழுகைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். டர்பன்டைனுக்கும் தின்னருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவசரத்தில்தான் கை மாறிப் போகிறது.

காய்ந்துவிட்டதா, அப்படியானால் அவசரமே இல்லை. உண்மையில் நான் உங்களிடம் சொல்ல விரும்புவதே இதுதான்: காய்ந்த புள்ளி அங்கேயே இருக்கட்டும். இன்றைக்கு எடுத்தாலும் ஆறு மாதம் கழித்து எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, மரத்துக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த எமல்ஷனை இளக்க ஸ்பிரிட் நல்ல மருந்துதான், ஆனால் அதே ஸ்பிரிட் அரக்கையும் கரைப்பதால் பிரெஞ்சு பாலிஷ் மேல் அது கூடவே கூடாது. பெயின்ட் கறை நீக்கி என்று பாட்டிலில் விற்பவையும் இந்த விஷயத்தில் ஆபத்தானவைதான். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அப்படியே, அரக்கு அம்மோனியாவிலும் கரையும்.

நான் செய்வது இப்படி. முதலில் நகம். மெழுகு நன்றாகப் போட்டு வைத்த சாமானில் பாதிப் புள்ளிகள் நகத்தாலேயே பெயர்ந்து வந்துவிடும், பெயின்ட் மெழுகின் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது. வரவில்லையென்றால், சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் புள்ளியின் மேல் மட்டும் சிறிது நேரம் வைத்து எடுத்தால் எமல்ஷன் ரப்பர் மாதிரி ஆகும், அப்புறம் பழைய பிளாஸ்டிக் கார்டின் ஓரத்தால் நெம்பலாம். சுடுநீர் வேண்டாம், நிறைய நீரும் வேண்டாம், அரக்கு அதில் வெளுத்துப் பூத்துவிடும்.

எனாமலுக்கு ஆளிவிதை எண்ணெய். காய்ச்சிய லின்சீட் ஆயிலை ஒரு சொட்டு புள்ளியின் மேல் விட்டு ஊறவைத்தால் சமீபத்தில் காய்ந்தது சற்று இளகும். பல வருடப் புள்ளி இளகாது, ஆனால் பிளேடு வழுக்கிப் போக எண்ணெய் உதவும். பிளேடு என்றதும் பயப்பட வேண்டாம். சவர பிளேடின் இரண்டு முனைகளிலும் செலோ டேப்பைச் சுற்றிவிடுங்கள், நடுவில் மட்டும் கொஞ்சம் கூர்விளிம்பு தெரியட்டும். இப்போது டேப் பாலிஷின் மேல் தவழும், கூர்விளிம்பு ஒரு தாள் தடிமன் உயரத்தில் நின்று புள்ளியை மட்டும் சீவும். ஒவ்வொரு சீவலுக்கும் மெல்லிய சுருளாகப் பெயின்ட் வரும், பாலிஷ் தொடப்பட்டிருக்காது. கடைசியில் நிற்கும் சன்னமான படலத்தை நகத்தாலோ சீவிய மூங்கில் குச்சியாலோ சுரண்டிவிடலாம். கடைந்த கால்களிலும் செதுக்கு வேலையிலும் பிளேடு போகாது, அங்கே மூங்கில் குச்சிதான். மரத்தின் துளைகளுக்குள் இறங்கிய பெயின்ட்டை நான் பெரும்பாலும் நோண்டுவதில்லை, நிறம் கலந்த மெழுகால் மறைத்துவிடுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். லின்சீட் ஆயில் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணியில் அது தானாகவே தீப்பிடிக்கும் அளவுக்குப் போகும். விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். அதேபோல சாமானில் பல தலைமுறைக்கு முந்தைய பெயின்ட் புள்ளி இருந்தால் உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி நெஞ்சுக்குள் போகும்.

மேஸ்திரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நகர்த்த முடியாத சாமானை மூடும்போது மாஸ்கிங் டேப்பைப் பாலிஷின் மேல் ஒட்ட வேண்டாம், பழைய பூச்சு அதோடு உரிந்து வரும். பிளாஸ்டிக் ஷீட்டை நேராகப் போர்த்தவும் வேண்டாம், நாள்கணக்கில் கிடந்தால் லேக்கரில் தடம் பதியும். அடியில் ஒரு பருத்தித் துணி, மேலே ஷீட், கட்டுவதற்குக் கயிறு. கொஞ்ச நேர வேலைதான்.

அதையும் மீறிச் சொட்டு விழுந்து காய்ந்திருந்தால், தயவுசெய்து வீட்டுக்காரரிடம் காட்டிவிடுங்கள், கோபப்படுவார் என்று மறைக்க வேண்டாம். கூடவே அது எமல்ஷனா எனாமலா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த ஒரு வரி இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

அன்புடன்,
பழைய சாமான்களுக்குப் பாலிஷ் போடும் உங்கள் சக தொழிலாளி