போட்டுக்கொடுத்தவன் அல்ல, நண்பன்

ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி திறக்கும் நேரம் என்பதால் இதை எழுதுகிறேன். என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போகிறான். பேச்சைத் தொடங்கும்போது அவனுக்குக் கொஞ்சம் திக்கும். வீட்டில் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

போன நவம்பர் முதல் அவன் டிபன் பாக்ஸ் திறக்காமலே திரும்பி வந்தது. திங்கட்கிழமை என்றால் வயிற்றுவலி. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா." ஒருநாள் மட்டும், "பசங்க கிண்டல் பண்றாங்க" என்றான். "ஆம்பளப் பிள்ளைதானே, நாலு குடுக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் என்னிடம் வாயே திறக்கவில்லை. அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

விஷயம் தெரிந்தது அவன் நண்பனால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவன், சைக்கிளை விட்டு இறங்காமலே போனை நீட்டினான். வகுப்புப் பையன்களின் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோ. வருகைப் பதிவின்போது என் மகன் "உள்ளேன் ஐயா" சொல்லத் திணறுவதை நாலைந்து பேர் மாற்றி மாற்றிச் செய்துகாட்டிச் சிரிக்கிறார்கள். என்னால் முழுதாகக் கேட்க முடியவில்லை. "அங்கிள், நான் காட்டினேன்னு சொல்லிடாதீங்க. போட்டுக்கொடுத்தவன்னு அப்புறம் என்னை ஓட்டுவாங்க" என்றான். போனை வாங்கும்போது அவன் கை நடுங்கியது.

அந்தப் பயத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சக மாணவர்களின் சாதிக் கொடுமை தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்த பிளஸ் டூ மாணவன், காரணத்தைப் பள்ளியில் சொன்னான். அதற்காக வீடு புகுந்து வெட்டினார்கள், தடுக்கப் போன தங்கையையும் சேர்த்து. என் மகன் பட்டதை அதோடு ஒப்பிட மாட்டேன், அது சாதி வெறி. ஆனால் சொன்ன பிள்ளையைப் பெரியவர்கள் காப்பாற்றவில்லை என்பதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

அதன்பின், மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொன்னது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் நான் விசாரித்தவரை அப்படி யாரும் இல்லை. 'மாணவர் மனசு' என்று அரசுப் பள்ளிகளில் புகார்ப் பெட்டி வைத்தது நல்ல காரியம். ஆனால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் பெட்டி இருந்தால் எந்தப் பிள்ளை சீட்டுப் போடும்?

எங்களுக்கு உதவியது 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுகிறார்கள். "காரணம் கேட்டுக் குடையாதீங்க, பக்கத்தில் உட்காருங்க, அவனே சொல்வான்" என்றார் பேசிய பெண். ஒன்பது நாள் ஆனது. மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னான், திக்கித் திக்கி, எல்லாவற்றையும். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த நண்பனின் வீட்டுக்குப் போய் நன்றி சொல்ல ஆசை. அவன் வேண்டாம் என்கிறான். அதனால் பெயர் போடாமல் இங்கேயே சொல்லிக்கொள்கிறேன். ரொம்ப நன்றி, தம்பி.

ஒரு தந்தை,
திண்டுக்கல் மாவட்டம்.